முயல்குட்டி குடித்த பூத்தேநீர்

"டீச்சர், கெமொமைல்னா என்னா? மருந்தா, இல்ல மைலோ மாதிரி தண்ணியா?"

மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆங்கிலப் பாட வேளையில் கேட்ட கேள்வி இது. அன்று நான் வகுப்பில் படித்துக் காட்டியது பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கிலேய அம்மையார் எழுதி 1902-இல் வெளிவந்த பீட்டர் முயலின் கதை. அம்மா போகாதே என்று சொன்ன தோட்டத்துக்குள் புகுந்து, வயிறு முட்டத் தின்று, தோட்டக்காரரிடம் அகப்படாமல் உயிர் தப்பி ஓடி வந்து படுத்துக்கொள்கிறது ஒரு குறும்புக்கார முயல்குட்டி. அதன் தாய் கெமொமைல் தேநீர் போட்டு அதற்கு ஒரு கரண்டி ஊட்டுகிறாள். சொன்ன பேச்சைக் கேட்ட மற்ற மூன்று குட்டிகளுக்கும் ரொட்டி, பால், காட்டுப் பழம்.

பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் குழந்தை உளவியல் சொல்லிக் கொடுத்தார்கள், கரும்பலகையில் கோணாமல் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். கெமொமைல் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "நாளைக்குச் சொல்றேன், உக்காரு" என்றேன். அந்த 'நாளைக்கு' வர ஒரு வாரமாகிவிட்டது. தேடத் தேட விஷயம் வளர்ந்துகொண்டே போனது. அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன், சகோதரிகளே.

கெமொமைல் வேறொன்றுமில்லை, சீமைச் சாமந்தி. நம் கோயில் மாலையில் கட்டுகிறோமே சாமந்தி, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் சீமைச் சாமந்தி நம் விரல் நகம் அளவுதான் இருக்கும். நடுவிலே மஞ்சள் குமிழ், சுற்றிலும் ஒற்றை வரிசை வெள்ளை இதழ். அந்தக் குமிழை நகத்தால் கிள்ளிப் பிளந்தால் உள்ளே வெற்றிடம். அசல் சரக்கைக் கண்டுபிடிக்க அது நல்ல அடையாளம். கிரேக்கர்கள் இதற்கு வைத்த பெயருக்குத் 'தரை ஆப்பிள்' என்று பொருள். உலர்ந்த பூவைக் கையில் கசக்கி முகர்ந்தால் அந்தப் பெயரின் நியாயம் புரிந்துவிடும், ஆப்பிள் வாசமேதான்.

ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் இதன் தாய்நிலம். இன்று எகிப்தில் ஏக்கர் கணக்கில் பயிரிட்டு உலகமெங்கும் அனுப்புகிறார்கள். இந்தியாவுக்கு மொகலாயர் காலத்தில் பஞ்சாப் வழியாக வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். யுனானி வைத்தியர்கள் இதைப் பாபூனா என்பார்கள். 1957-இல் ஜம்முவிலும், 1964-65-இல் லக்னோவில் உவர் மண்ணிலும் அரசாங்க ஆராய்ச்சியாளர்கள் நட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

நானும் நட்டுப் பார்த்தேன். விதை தூசி மாதிரி இருக்கும். மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, மேலே தூவிவிட வேண்டும், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். முளைத்தது என்னவோ உண்மை. பத்தாங் காலி வெயில் தாங்காமல், நூல் போல நெடுநெடுவென்று வளர்ந்து ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. இது குளிர்ப் பிரதேசத்துப் பயிர். ஆகவே, தாய்மார்களே, பூந்தொட்டியில் காசைக் கொட்ட வேண்டாம். உலர்ந்த பூவாகவே வாங்கிக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் பெரிய கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது தூளாக இல்லாமல் முழுப் பூவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். மாணவனுக்குப் பதில் சொல்வது ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்கள் அம்மா.

அம்மா தூங்கமாட்டார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர்ப் பானையை உருட்டுவார், மூன்று மணிக்கு வாசற்கதவைத் திறந்து பார்ப்பார். நாலரைக்கு எழுந்து பிரட்டுக்குப் போன உடம்பு, அதற்கு ஓய்வு பெறத் தெரியவில்லை. நாங்கள் தாமான் வீட்டுக்குக் குடிவந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அம்மாவுக்குள் அந்தத் தோட்டத்து மணி அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. "ஒரு கப் பூத்தேநீர் போட்டுக் கொடுத்துப் பார்ப்போமே" என்று தோன்றியது.

போடும் விதம் சுலபம், ஆனால் முறை உண்டு. ஒரு கோப்பைக்குக் குவியலாக இரண்டு தேக்கரண்டி உலர்ந்த பூ, எடை சுமார் 2 கிராம். பீங்கான் குவளையில் பூவைப் போடுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, பூவின் மேல் ஊற்றுங்கள். ஊற்றிய உடனே தட்டுப் போட்டு மூடிவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பூவில் இருக்கும் நல்ல சத்தில் ஒரு பகுதி வாசனை எண்ணெய்தான், திறந்து வைத்தால் ஆவியோடு கூரைக்குப் போய்விடும். மூடியைத் தூக்கினால் அதன் அடியில் முத்து முத்தாக நீர் நிற்கும், அதையும் கோப்பையிலேயே தட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும், கெட்டியாக வேண்டுமானால் பத்து. அதற்கு மேல் விட்டால் கசக்கும். பிறகு மெல்லிய துணியிலோ சல்லடையிலோ வடிகட்டினால் இளம் பொன் நிறத்தில் தேநீர் தயார்.

நம் வழக்கப்படி பூவைச் சட்டியில் போட்டுக் கஷாயம் போலக் கொதிக்க வைக்காதீர்கள். வாசனை போய்க் கசப்புத்தான் மிஞ்சும். தேன் அரைக் கரண்டி சேர்க்கலாம், சேர்க்காமலும் குடிக்கலாம். என் வீட்டுக்காரர் தித்திப்புப் பால் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். அந்த முகத்தை இங்கே வர்ணிக்க வேண்டாம்.

மிச்சப் பூவை நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காலி மைலோ டின்னைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைத்து, அதில் போட்டு இறுக்கி மூடி, அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். வாசம் போய்விட்டதென்றால் பூவும் போய்விட்டது என்று அர்த்தம்.

சீமைச் சாமந்தி தேடி நகரத்துக்கு ஓட முடியாதவர்களுக்கு அதன் அக்காள் பக்கத்திலேயே இருக்கிறாள். பத்தாங் காலி, செரண்டா, ரவாங், கோலகுபு பாரு, எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சீன மருந்துக்கடை இருக்கும். அங்கே 'கெக்வா' என்று கேளுங்கள், உலர்ந்த சாமந்திப்பூவை எடுத்துத் தருவார்கள். கெக்வா என்பது மலாய்க்காரர்களும் சொல்லும் பெயர், ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது. சீனாவில் ஹாங்சோ பக்கத்து வெள்ளைச் சாமந்திக்குப் பெரிய பெயர் உண்டு. நான் வழக்கமாகப் போகும் கடையின் சீன அம்மாள் எனக்கு மலாயில் விளக்கினார்: உடம்புச் சூட்டுக்கு, கண் எரிச்சலுக்கு, வெயிலில் அலைந்து வந்தவர்களுக்கு. கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. மொழியை மாற்றிவிட்டால் எங்கள் பாட்டி பேசுவது போலவே இருந்தது. சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பிரிப்பதில் அவர்களும் நாமும் ஒரே பள்ளிக்கூடம்தான்.

கெக்வாவைப் போடும் முறை வேறு. பூ பெரியது, ஆகவே ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பதினைந்து பூ போதும். முதலில் பூவை வெந்நீரில் ஒரு முறை அலசி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு கொதிக்கும் தண்ணீரில் போட்டு, தணலைக் குறைத்து, ஐந்து நிமிடம் வைத்து இறக்கி மூடுங்கள். சிறிது கற்கண்டு சேர்க்கலாம். சீனர்கள் கிஸ்மிஸ் போன்ற சிவப்பு கொஜிப் பழத்தையும் கொஞ்சம் போடுவார்கள். ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கடையில் விற்கும் பெட்டிப் பானத்தைவிட நல்லது. சர்க்கரையின் அளவு உங்கள் கையில் அல்லவா இருக்கிறது!

பூ வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நிறம் மங்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்கச் சில இடங்களில் பூவுக்குக் கந்தகப் புகை காட்டுகிறார்கள். அளவுக்கு மீறி வெளுத்திருந்தாலோ, முகர்ந்தால் மூக்கில் ஏறும் புளித்த நெடி அடித்தாலோ வாங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. ரப்பர் இலை நோய்க்குக் கந்தகத் தூள் தூவிய காலத்தில் வேலை செய்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கொடுத்து முகரச் சொல்லுங்கள். அந்த நெடியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி நான் சொல்லப் போவது கொஞ்சம் கசப்பானது.

எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், தெரிந்த பாட்டி ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் முறம் நிறையச் சாமந்திப்பூ, மஞ்சளும் வெள்ளையுமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னா பாட்டி, இவ்வளவு பூவு?"

"நீதானே டீச்சரு, பூவுல தண்ணி போட்டுக் குடிச்சா தூக்கம் வரும்னு ஒங்கம்மாக்கிட்ட சொன்னே? சாமி மாலையெல்லாம் குப்பைக்குப் போவுதேன்னு எடுத்தாந்தேன். பேரனுக்குக் குடுக்கலாம்."

எனக்குப் பகீர் என்றது. கடையில் விற்கும் மாலைச் சாமந்தி கேமரன் மலையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருவது. கேமரனில் குடும்பத்தோடு தங்கியபோது பார்த்திருக்கிறேன், மலைச்சரிவெங்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள், இரவிலும் விளக்கு எரியும். இரவு நீண்டால் சாமந்தி சீக்கிரம் பூத்துவிடும், காம்பு நீளாது. அதனால் விளக்குப் போட்டுப் பகல் என்று அதை நம்ப வைக்கிறார்கள். அப்படி வளர்ப்பதெல்லாம் கண்ணுக்கு அழகாக இருப்பதற்காக. இலையில் ஒரு புள்ளி இருந்தாலும் விலை போகாது, ஆகவே பூச்சி மருந்து அடிக்கிறார்கள். உண்ணும் பொருளில் எவ்வளவு மருந்து மிஞ்சலாம் என்பதற்கு நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் வரம்பு இருக்கிறது. மாலைப் பூவை யாரும் சாப்பிடுவதற்கு விற்பதில்லை, அதனால் அந்தக் கணக்கில் அது வராது. அதைக் காயவைத்துக் கொதிநீரில் ஊறவைத்துப் பேரனுக்குக் கொடுத்தால், பூவோடு மருந்தையும் கொடுத்தது போலாகும்.

இதைச் சொன்னதும் பாட்டிக்குக் கோபம். "சாமிக்குப் போட்ட பூவுல வெசமா? படிச்சிட்டா என்னா வேணாலும் பேசலாமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் வாதாடவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவை அழைத்து வந்தேன். அம்மா பேசவேயில்லை, பாட்டியின் முன்னால் உட்கார்ந்து தம் வலக்கையை நீட்டினார்.

அம்மா இருபது வருஷத்துக்கு மேல் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிப்பு வேலை செய்தவர். முதுகில் தொட்டி, கையில் குழாய். கையுறை கொடுத்தாலும் அந்த வேக்காட்டில் போட முடியாது, கொடுக்காத நாட்களும் உண்டு. புல்லுக்கு அடித்த மருந்து பாராகுவாட். வலக்கையில் மூன்று விரல்களின் நகம் நிறம் மாறி, மேடு பள்ளமாகி, கழன்று விழுந்தது. பிறகு முளைத்த நகம் சரியாக வளரவில்லை. சின்ன வயதில், அம்மா சோறு ஊட்டும்போது அந்த விரலை நான் பார்க்காமல் இருக்க முயன்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பாராகுவாட்டை நிறுத்தப் போவதாக மலேசிய அரசாங்கம் 2002-இல் அறிவித்தது, 2006-இல் தடையைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுவதுமாகத் தடை செய்தது. அதற்குள் எத்தனை அம்மாக்களின் கை அந்தத் தொட்டியைச் சுமந்து முடித்துவிட்டது!

பூவுக்கு அடிக்கும் மருந்து வேறு, புல்லுக்கு அடித்த மருந்து வேறு என்பது எனக்குத் தெரியும். பாட்டிக்கும் தெரிந்திருக்கும், அவரும் ஒரு காலத்தில் அதே தொட்டியைச் சுமந்தவர். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்துபோய் முறத்தை எடுத்துக் கொல்லைப்புற வாழையடியில் கவிழ்த்தார். "சாமிப் பூவு, கால்ல மிதிபடாம இருந்தா சரி" என்றார். அவ்வளவுதான். மறுவாரம் கெக்வா ஒரு பொட்டலம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வீட்டில் நீங்களே மருந்து அடிக்காமல் வளர்த்த சாமந்தி இருந்தால் தாராளமாக உலர்த்திக்கொள்ளலாம். பனி காய்ந்த பிறகு, காலை வெயில் ஏறுமுன் பறித்து, முறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். நேர்வெயில் நிறத்தையும் வாசத்தையும் உறிஞ்சிவிடும். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம், உலர்வதற்குள் பூஞ்சணம் வந்துவிடும்.

சரி, இதைக் குடித்தால் தூக்கம் வருமா? அளந்துதான் சொல்ல வேண்டும். தைவானில் பிள்ளை பெற்றுத் தூக்கம் கெட்டிருந்த 80 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2016-இல் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் சீமைச் சாமந்தித் தேநீர் குடித்தவர்களுக்குத் தூக்கம் ஓரளவு தேவலை. நாலு வாரம் கழித்துப் பார்த்தபோது குடித்தவர்களும் குடிக்காதவர்களும் ஒன்றாகவே இருந்தார்கள். அமெரிக்காவில் நெடுநாள் தூக்கமின்மை உள்ள 34 பேருக்கு இதை மாத்திரையாகக் கொடுத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆக, இது தூக்க மருந்தில்லை. ஆனால் அம்மாவுக்குப் பலன் இருந்தது. பூவின் குணமா, இரவு ஒன்பது மணிக்கு மகள் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியதன் குணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு மணிக்கு உருண்ட பானை நாலு மணி வரை உருளவில்லை.

சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. சாமந்தி மாலை கட்டினால் தும்மல், கையரிப்பு வருகிறவர்கள் இதைத் தொட வேண்டாம். இந்தத் தண்ணீரால் கண் கழுவும் பழக்கமும் வேண்டாம், கண் வீங்கிப்போனவர்கள் உண்டு. கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கூடாது. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று கேளுங்கள். என் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் காய்ச்சல். வீட்டில் கெக்வாத் தண்ணீர் கொடுத்தார்கள். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. "பூத்தண்ணி கேட்டுச்சு டீச்சர்" என்று தாயார் தகவல் அனுப்பினார். மாலையில் பிள்ளைக்கு வயிற்று வலி, விடாத வாந்தி, கையெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது டிங்கி என்றார்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நேரம், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அப்போதுதான். சூடு தணிந்தது என்று நாம் நிம்மதிப் பெருமூச்சு விடும் வேளையில் நோய் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், இப்போது ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். 2019-இல் நம் நாட்டில் 130,000 பேருக்கு மேல் டிங்கி கண்டு 182 பேர் இறந்தார்கள். அதில் பாதிக்கு மேல் நோயாளிகள் நம் சிலாங்கூர்க்காரர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பூத்தண்ணீர் குடிக்கக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் பார்த்துவிட்டு வந்து கொடுங்கள்.

அம்மாவின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். சென்ற ஆண்டு அம்மாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்று கண்டுபிடித்து, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்து கொடுக்கும் இடத்திலிருந்த இளம் பெண், "மூலிகை, கஷாயம் ஏதாவது குடிக்கிறீங்களா பாட்டி?" என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அதை மூலிகை என்று நான் நினைக்கவே இல்லை, எங்களுக்கு அது தேநீர். அம்மாதான் குறுக்கிட்டு, "தெனமும் ராத்திரி பூத்தண்ணி குடிக்கிறேன்மா" என்றார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

வார்ஃபாரின் சாப்பிட்டுக்கொண்டே சீமைச் சாமந்தித் தேநீரைக் குடித்து, அதன் களிம்பையும் தடவி வந்த எழுபது வயது மாது ஒருவருக்கு உடம்பின் உள்ளே இரத்தக் கசிவு ஏற்பட்டதைக் கனடா நாட்டு மருத்துவ இதழ் ஒன்று 2006-இல் பதிவு செய்திருக்கிறது. கொஜிப் பழத்தோடும் இந்த மாத்திரை ஒத்துப்போவதில்லை. தெரியாத்தனமாக நான் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று அட்டையைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூவோ வேரோ இலையோ, எது குடித்தாலும் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்றோடு அம்மாவுக்குப் பூத்தேநீர் நின்றது. இப்போது இரவில் ஒரு டம்ளர் வெந்நீர்ப் பால்தான். மாணவனுக்கு மட்டும் ஒரு நாள் பிளாஸ்கில் கொண்டுபோய், வீட்டில் அனுமதி கேட்டு, ஒரு வாய் கொடுத்தேன். "வைக்கோல் மாதிரி இருக்கு டீச்சர், முயல் பாவம்" என்றான்.

ஒன்பது மணி ஆனால் எனக்கு ஒரு கப் போட்டுக்கொள்கிறேன். அம்மா தம் பாலை ஊதிக்கொண்டே என் குவளையைப் பார்ப்பார். "மூடி வெச்சியா? வாசம் இங்க வரைக்கும் வருதே, சரியா மூடல போல" என்பார். எழுந்துபோய்த் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வருகிறேன்.